கட்டையெடுத்து ஓடும் பரீட்சை

ஒரு மனுசப் பிறவி எவ்வளவு சுறுசுறுப்பானது என்று அளந்து, அதற்கு ஏ, பி, சி, டி, ஈ என்று எழுத்துப் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. சிவகாசியிலிருந்து தாயில்பட்டிப் பக்கம் போகிற சாலையில், பொட்டலுக்கு நடுவே நிற்கும் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் விளையாட்டு ஆசிரியை. ஊரில் யாரிடமாவது இதைச் சொன்னால், "அதுக்கும் சம்பளம் குடுக்காகளா?" என்று கேட்பார்கள். கொடுக்கிறார்கள், ஆனால் தற்காலிகமாகக் கொடுக்கிறார்கள் என்பேன். நான் சேர்ந்த வருடம் நட்ட வேப்பங்கன்று இன்று மரமாகி, அதன் கீழே கார் நிறுத்துகிறார்கள். மரம் நிரந்தரமாகிவிட்டது. நான் மட்டும் தற்காலிகம்.

நான் நடத்துகிற பரீட்சைகளில் பெரிய பரீட்சை அஜிலிட்டி டெஸ்ட், அதாவது சுறுசுறுப்பை அளக்கிற பரீட்சை. கேட்க எளிது. தரையில் சுண்ணாம்பால் இரண்டு கோடு. அந்தப் பக்கக் கோட்டில் இரண்டு மரக்கட்டைகள். விசில் ஊதியதும் இந்தக் கோட்டிலிருந்து ஓடிப் போய் ஒரு கட்டையை எடுத்து வந்து இங்கே வைக்க வேண்டும். மறுபடி ஓடி இரண்டாவதையும் எடுத்து வர வேண்டும். கட்டையைப் போடக் கூடாது, வைக்க வேண்டும். நான் கழுத்தில் ஸ்டாப்வாட்சைத் தொங்கவிட்டுக்கொண்டு நேரம் பார்ப்பேன். எவ்வளவு நேரத்துக்கு எந்த எழுத்து என்று ஓர் அட்டவணை உண்டு. அது எந்த நாட்டிலோ, எந்தப் பிள்ளைகளையோ ஓடவிட்டுத் தயாரித்தது. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு நெடுநாளாகவே கோபம்.

இந்தப் பரீட்சையின் சூட்சுமம் ஓடுவதில் இல்லை, திரும்புவதில் இருக்கிறது. முழு வேகத்தில் போய், ஷூவின் அடியைத் தரையில் தேய்த்து நின்று, உடம்பைச் சாய்த்துச் சட்டென்று திரும்ப வேண்டும். தேய்க்கத் தெரியாதவளுக்குத் திரும்ப வராது என்று எனக்குப் பாடம் எடுத்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் ஒருவரும் எங்கள் பக்கம் வந்ததில்லை. எங்கள் பக்கம் தேய்த்தால் வெடிக்கும்.

பட்டாசுக் கம்பெனிக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். காலைத் தரையில் உரசாமல் தூக்கித் தூக்கி வைத்து நடக்க வேண்டும். பெட்டியை இழுக்கக் கூடாது, தூக்க வேண்டும். எதையும் தொப்பென்று போடக் கூடாது. அவசரமே கூடாது. என் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு அம்மாவோ அத்தையோ அங்கே வேலை பார்க்கிறவர்கள். சீசன் நேரத்தில் லீவு விட்டால் இந்தப் பிள்ளைகளே பேக்கிங்குக்குப் போய்விடும். மழலையர் பள்ளிக்குப் போவதற்கு முன்பே 'ஓடாதே'வைப் படித்துவிட்ட கூட்டம் இது. இவர்களைக் கூப்பிட்டு வைத்து, "ஓடு, தேய், திரும்பு" என்று நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். நானும் வெம்பக்கோட்டைப் பக்கம் வெள்ளாமை பார்க்கிற ஒரு சம்சாரி வீட்டுப் பெண்தான், எனக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. ஆனால் அட்டவணைக்குத் தெரியாதே.

இதில் உச்சம் ஒருத்தி. தாயில்பட்டிப் பிள்ளை, கடைசி வருட வணிகவியல். ஒல்லி, நெட்டை, யார் பார்த்தாலும் இவள்தான் ஓட்டக்காரி என்பார்கள். விசில் ஊதினால் கிளம்புவாள். கோட்டை நெருங்கியதும் நிதானமாக நிற்பாள். குனிந்து கட்டையை எடுத்து, காலைத் தூக்கி வைத்துத் திரும்பி, வந்து, இரண்டு கையாலும் முட்டையை வைப்பது மாதிரி வைப்பாள். மூன்று வருடமும் ஈ. ஒருநாள் பொறுக்க முடியாமல், "ஏ பிள்ள, அது மரக்கட்டை. அதுக்குள்ள மருந்து இல்ல. விட்டெறியாத, ஆனா சட்டுனு வச்சிட்டு வா" என்று கத்தினேன். அவளுக்குக் கோபமே வராது. "பதறாத காரியம் சிதறாதுன்னு எங்க அம்மா சொல்லும் மிஸ்" என்றாள். அவள் அம்மா தாயில்பட்டியில் ஒரு கம்பெனியில் திரி வைக்கிறவர். போய் நிழலில் உட்கார் என்றேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த, அல்லது ஓடாமல் இருந்த காலத்தில்தான், கல்லூரிக்குத் தரம் போட ஒரு கமிட்டி வருகிறது என்று செய்தி வந்தது. பிள்ளைகளுக்கு நான் எழுத்துப் போடுகிற மாதிரி, கல்லூரிக்கு எழுத்துப் போட ஆள் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்தான். செயலர் என்னை அழைத்தார். கல்லூரி நடத்துகிற குடும்பத்துக்காரர், பெரிய பட்டாசு முதலாளி, அச்சாபீசும் உண்டு. மரியாதையான மனுசர், கோபமே காட்டாமல் வேலை வாங்குவார். விளையாட்டுக்குத் தனியாக மார்க் இருக்கிறதாம், கமிட்டி கண் முன்னாலேயே அஜிலிட்டி டெஸ்ட் நடத்திக் காட்ட வேண்டுமாம். காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, எனக்கு வேண்டியதையும் அவரே சொன்னார்.

"அவுக திருப்தியாப் போயிட்டாகன்னா, மறுநாள் ஒங்க நிரந்தர ஆர்டரு இந்த டேபிள்ல இருக்கும் மேடம். கையெழுத்துப் போட்டு ரெடியா வச்சிருக்கேன்."

டிராயரைத் திறந்து கவரையும் காட்டினார். கழுதைக்கு முன்னால் கேரட்டைக் காட்டுவதெல்லாம் கதை என்று நினைத்திருந்தேன். அன்று வீட்டுக்கு வண்டியில் போகும்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது என் அம்மாவுக்கு ஒரே கவலை, நான் சாவதற்குள் உனக்கு ஆர்டர் வருமா என்பது. எனக்கும் வேறு கவலை இல்லை.

அதன் பிறகு நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே. காலையிலும் சாயங்காலமும் பயிற்சி. தேய்த்து நிற்கப் பழக்குவதற்காக மைதானத்தில் தண்ணீர் தெளித்து மண்ணை இறுக்கினேன். பிள்ளைகள் முதலில் கூசினார்கள், பிறகு ஒவ்வொருத்தியாகத் தேய்த்தார்கள். சரட்டென்று சத்தம் கேட்டதும் தாங்களே சிரித்துக்கொண்டார்கள். டி எல்லாம் சி ஆனது, சி எல்லாம் பி ஆனது. தாயில்பட்டிப் பிள்ளை மட்டும் ஈயில் ஸ்திரமாக நின்றாள். கமிட்டி வரும் நாளில் லீவு போடுகிறாயா என்று நைசாகக் கேட்டேன். வராமல் போனால் அம்மா திட்டும் என்றாள். சரி, கடைசி செட்டில் நிறுத்துவோம், அதற்குள் கமிட்டி சாப்பிடப் போய்விடும் என்று கணக்குப் போட்டேன்.

கமிட்டி வருவதற்கு முந்தின நாள் செயலருக்கு ஒரு யோசனை உதித்தது. ஓட்டத்தைத் தொடங்க விசில் வேண்டாம், வெடி போடலாம் என்றார். அவர் கம்பெனியின் புதுச் சரக்கு, நல்ல சத்தம். விசில்தான் விதிமுறை என்று சொல்லிப் பார்த்தேன். "சிவகாசியில வந்து பீப்பி ஊதினா என்ன நெனைப்பாக?" என்றார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதையாகிவிடுமே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, வெளியே தலையை ஆட்டினேன். டிராயரில் கவர் இருக்கிறது அல்லவா. போதாதற்கு, பிள்ளைகள் கையில் போன் இருந்தால் மரியாதையாக இருக்காது என்று, எல்லாருடைய போனையும் ஒரு சாக்கில் வாங்கி அலுவலகத்தில் வைக்கச் சொன்னார்.

கமிட்டியில் மூன்று பேர். மூவரும் தூர ஊர்க்காரர்கள். தலைவர் வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தலைமுடி, பேச்சு முழுக்க இங்கிலீஷ். சாமியானா போட்டு, சோபா போட்டு, மேசைவிரிப்பு போட்டு, கையில் காபியையும் கொடுத்தாயிற்று. முதல் செட் பிள்ளைகள் கோட்டில் குனிந்து நின்றார்கள். பியூன் ஓரமாகப் போய் வெடியைப் பற்றவைத்தார். நான் ஸ்டாப்வாட்சில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றேன்.

வெடித்தது. நல்ல வெடி, செயலர் பொய் சொல்லவில்லை.

பிள்ளைகளில் ஒருத்தியும் அசையவில்லை. அசைய என்ன இருக்கிறது? பிறந்த நாளிலிருந்து கல்யாணத்துக்கும் சாவுக்கும் சாம்பிள் பார்ப்பதற்கும் வெடி கேட்டு வளர்ந்தவர்கள். குனிந்த வாக்கிலேயே தலையை மட்டும் தூக்கிப் புகையைப் பார்த்தார்கள். என் பக்கத்தில் நின்றவள், "மருந்து கொஞ்சம் ஈரம் மிஸ், சத்தம் ஒடையுது" என்று காதோடு சொன்னாள். ஆனால் சாமியானாவுக்குள் நடந்ததைச் சொல்ல வேண்டும். தலைவர் சோபாவின் பின்பக்கம் இருந்தார். எப்படிப் போனார் என்று யாரும் பார்க்கவில்லை. காபி முழுவதும் சட்டையில். ஒருவர் மேசைக்குக் கீழே. மூன்றாமவர் கட்டடத்தின் படிக்கட்டில் நின்றிருந்தார். பழக்கதோஷத்தில் நான் ஸ்டாப்வாட்சை அமுக்கியிருந்தேன். என் பணிக்காலத்தில் கண்ணால் பார்த்த முதல் ஏ கிரேடு அந்த மூன்று பேரும்தான். அதுவும் சோபாவில் உட்கார்ந்த இடத்திலிருந்து கிளம்பி.

அவர்களைத் தேற்றி, சட்டையைத் துடைத்து, திரும்ப உட்கார வைத்தோம். இனிமேல் விசில்தான் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். விசில் ஊதியதும் என் பிள்ளைகள் பறந்தார்கள். தேய்த்தார்கள், திரும்பினார்கள். தலைவர் தலையை ஆட்டி ஆட்டி எழுதினார். செட் முடிய முடிய, செயலர் என்னைப் பார்த்து டிராயரைத் திறக்கிற மாதிரி கையால் ஜாடை காட்டினார். கமிட்டி சாப்பிடப் போகும் என்று பார்த்தால், போகிற வழியாக இல்லை. ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் கடைசி செட்டை அழைத்தேன். தாயில்பட்டிப் பிள்ளை வந்து நின்றாள்.

விசில் ஊதினேன். மற்றவர்கள் இரண்டாவது கட்டைக்குப் போய்விட்டார்கள். இவள் இன்னும் முதல் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறாள். அப்போது மேற்கே ஒரு சத்தம் கேட்டது.

அதைச் சத்தம் என்று சொல்ல முடியாது. 'தும்' என்று, தூரத்தில் யாரோ மெத்தையைத் தட்டுகிற மாதிரி. காலுக்குக் கீழே தரை லேசாக ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. கமிட்டிக்காரர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தலைவர் சட்டைக் கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஆனால் மைதானத்தில் இருந்த அத்தனை பிள்ளைகளும் ஒரே பக்கம் திரும்பியிருந்தார்கள். நானும் திரும்பினேன். தாயில்பட்டிப் பக்கம் வெள்ளையாக ஒரு புகை, மெதுவாகக் குடை மாதிரி எழும்பியது.

தாயில்பட்டிப் பிள்ளை கையில் இருந்த கட்டையைப் பார்த்தாள். குனிந்து, இரண்டு கையாலும் அதைக் கோட்டின் மேல் வைத்தாள். பிறகு ஓடினாள்.

எனக்கு வேலையே ஓட்டத்தைப் பார்ப்பதுதான், அதனால் தெரிந்து சொல்கிறேன். அப்படி ஓர் ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. நின்றுவிட்ட பிள்ளைகளுக்கு நடுவே வெட்டி வெட்டிப் போனாள். சாமியானாக் கயிற்றுக்குக் கீழே குனிந்து, கமிட்டியின் காரைச் சுற்றி, குறுக்கே வந்த பியூனைத் தொடாமல் விலகி, சாக்கடையைத் தாண்டி, கேட்டில் காலைத் தேய்த்து மண் பறக்கத் திரும்பி, சாலையில் போய்விட்டாள். தேய்க்கத் தெரியாதவள் என்று மூன்று வருடம் எழுதி வைத்திருந்தேனே, அவள்தான்.

மற்றவர்கள் போன் சாக்கைத் தேடி அலுவலகத்துக்கு ஓடினார்கள். சாக்கு பூட்டிய அறையில், சாவி அலுவலக மேலாளரிடம், மேலாளர் சாப்பாட்டுப் பந்தலில். அழுகையும் கூச்சலுமாக மைதானம் காலியானது. பிள்ளைகள் ஏன் ஓடுகிறார்கள் என்று தலைவர் கேட்டார். செயலர் தன் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். முகம் வேர்த்திருந்தது. யாரோ என்னவோ சொன்னதும் மூச்சை விட்டார், என்னிடம் குனிந்து, நம்ம யூனிட் இல்லை என்றார். பிறகு கமிட்டியின் பக்கம் திரும்பி, சிரித்த முகமாக, இது எங்கள் கல்லூரியில் வழக்கமாக நடத்துகிற பாதுகாப்பு ஒத்திகை என்றார். அஜிலிட்டி என்றால் அதுவல்லவா. ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்படித் திரும்ப என்னால் ஆகாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். அவர் பின்னாலேயே வந்தார்.

"எங்கன போறீக மேடம்? ரிசல்ட்ட வாசிக்க வேண்டியது நீங்க."

"அந்தப் பிள்ள தனியாப் போகுது. கூட்டிட்டு வாரேன்."

"பொறுப்பாசிரியரு இல்லாம எப்படி? ஆர்டரு விசயம் இருக்குல்ல."

"டிராயர்லயே இருக்கட்டும் சார். வந்து வாங்கிக்கிறேன்."

வீரமாகச் சொல்லிவிட்டேனே தவிர, கேட்டைத் தாண்டும்போது அந்தக் கவர் என் கண்ணுக்குள்ளேயே நின்றது. அழுகை வந்தது. யாருக்காக அழுதேன் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, எனக்காகவும்தான்.

அவளைப் பிடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது. வண்டியை முறுக்கிக்கொண்டு போகிறேன், ஆளைக் காணோம். வழியில் விழுந்துவிட்டாளோ என்று இரண்டு பக்கமும் கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டே போனேன். கடைசியில், தீப்பெட்டிக் கம்பெனி வளைவைத் தாண்டி, நடு ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு காலில் ஷூ இல்லை. ஹார்ன் அடித்தும் திரும்பவில்லை. பக்கத்தில் போய் ஏறு என்றேன். ஓடிக்கொண்டே ஏறினாள். அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது என் முதுகில் தெரிந்தது. இருக்கன்குடி மாரித் தாயே, அந்தப் பிள்ளை முகத்தில் விழிக்க முடியாத மாதிரி என்னை வைத்துவிடாதே என்று வேண்டிக்கொண்டே ஓட்டினேன்.

கம்பெனி வாசலில் கூட்டம். ஆம்புலன்ஸ் ஒன்று சும்மா நின்றது, அதைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. ஓர் அறை தரைமட்டம். மத்தியானச் சாப்பாட்டு நேரம், உள்ளே ஆள் இல்லை. பெண்கள் எல்லாம் வேலிக்கு வெளியே வாகை மர நிழலில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் எழுந்து வந்தார். கை முழுக்க அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னியது. காது அடைத்துப்போனதால் அவர் பேசியது ஊருக்கே கேட்டது.

"ஏன்டி, பரீட்சைய விட்டுட்டு இங்கன எதுக்கு வந்த? மார்க்கு போயிருச்சா?"

பிள்ளை அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பொடி இவள் கன்னத்திலும் ஒட்டியது. நான் திரும்பி நின்றுகொண்டேன். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அமுக்கினேன். அட்டவணையில் அந்த நேரத்துக்கு எழுத்து கிடையாது.

கமிட்டியின் அறிக்கை கொஞ்ச நாள் கழித்து வந்தது. கல்லூரிக்கு நல்ல எழுத்து. மாணவிகளின் பாதுகாப்பு விழிப்புணர்வைத் தனியாகப் பாராட்டியிருந்தார்கள். அபாயச் சங்கே இல்லாமல் இவ்வளவு வேகமாக மைதானம் காலியானதை அவர்கள் வேறெங்கும் கண்டதில்லையாம். அதற்கு அடுத்த வரியில், இத்தனை முக்கியமான ஒத்திகையின்போது பொறுப்பாசிரியை இடத்தில் இல்லாதது பெரிய குறை என்றும் எழுதியிருந்தார்கள். செயலர் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். அவருக்கே வருத்தம்தான், நடிக்கவில்லை.

"நின்ன எடத்துலயே நின்னிருந்தீகன்னா போதும் மேடம். ஒங்களுக்குப் பொறுமை பத்தாது" என்றார்.

ஓடக் கற்றுக்கொடுக்க வைத்திருக்கிறார்கள், நிற்கத் தெரியாததால் நிரந்தரம் இல்லை. அம்மாவிடம் போய் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன். பொய் எதற்கு, அன்று யாரைப் பார்த்தாலும் கடித்துக் குதறியிருப்பேன்.

வேப்பமரத்தடியில் ஒரு பெண் காத்திருந்தார். தாயில்பட்டிப் பிள்ளையின் அம்மா. வேலையை முடித்து நேரே வந்திருக்கிறார், கையில் பொடி இன்னும் போகவில்லை. நிற்கவே கூச்சப்பட்டார். உட்காரச் சொன்னேன், மாட்டேன் என்றார். மற்ற பாடங்கள் எல்லாவற்றிலும் பிள்ளை பாஸாம், விளையாட்டு மார்க் மட்டும் வரவில்லையாம், அதனால் பட்டம் நின்றுவிடுமோ என்று பயம்.

"அவளுக்கு ஓட வராது மிஸ். ஓடாத, ஓடாதன்னு நாந்தான் சொல்லிச் சொல்லி வளத்துட்டேன். ஒங்களுக்கு ரொம்பச் சங்கடம் குடுத்திருப்பா. கொஞ்சம் பாத்துப் போடுங்க."

அவளுக்கு ஏ போட்டுக் கொடுத்துவிட்டேன் என்றேன். இந்தக் கல்லூரியில் அந்த வருடம் ஒரே ஒரு ஏ தான் என்றும் சொன்னேன்.

அவர் நம்பவில்லை. நான் கேலி செய்கிறேனா என்று முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு என் வண்டியிலிருந்து இறங்கி, மெதுவாக நடந்து வந்த மகளைத்தான் அவர் பார்த்திருந்தார்.

"அவ ஓடி நான் பாத்ததே இல்லையே மிஸ்."

"நான் பாத்தேம்மா" என்றேன்.